கோப்பிக்கு வந்த காக்கை

கொழும்பு அருங்காட்சியகம் 1903ஆம் ஆண்டில் ‘ஸ்போலியா சைலானிகா’ என்ற ஆய்விதழைத் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே, இலங்கைக் காக்கைகளை மலாய்த் தீபகற்பத்தில் பழக்கிக் குடியமர்த்துவது பற்றி ஒரு சிறிய பதிவு இருக்கிறது. தலைப்பே அதுதான். எழுதியவர்களாகப் பலரின் பெயர்கள். கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆர்தர் வில்லி. கூட்டு மலாய் மாநிலங்களின் ரெசிடென்ட் ஜெனரல் டிரேச்சர். தோட்ட முதலாளி ஈ. வி. கேரி. ஒரு காக்கையைக் கப்பலேற்ற இத்தனை பெரிய துரைமார் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத் துரைமாரில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லியை நமக்குத் தெரியும். கண்ட தோட்ட முதலாளியிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்து, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கியவர். பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பார். கேரியும் நமக்குத் தெரிந்தவர்தான், தெரியும் என்பதுதான் தெரியாது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பக்கம் இருக்கிறதே கேரித்தீவு, அது இவர் பெயர். வார இறுதியில் நண்டு சாப்பிட அங்கே காரோட்டிப் போகிறவர்கள் யாரும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. அங்கே அண்ணாந்து பார்த்தால் தெரியும் சாம்பல் கழுத்துக் காக்கைகளையும் அவரையும் சேர்த்து யோசிக்க ஒரு காரணமும் இல்லை.

இந்த வீட்டுக்காக்கை நம் ஊர்ப் பறவை கிடையாது. மலாயாவின் சொந்தக் காக்கைகள் வேறு. உடல் முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு, காட்டோரமும் கடலோரமும் திரியும் அண்டங்காக்கை இங்கேயே இருந்தது. குப்பைத் தொட்டியின் விளிம்பில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற, கழுத்தும் மார்பும் சாம்பலோடிய சின்னக் காக்கை 1890களின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்த காரணம் ஒரு புழு.

கதை இலங்கை மலைகளில் தொடங்குகிறது. 1869இல் அங்கே கோப்பிச் செடியின் இலைகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துரு படிந்தது. பூஞ்சை நோய். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பித் தொழில் அநேகமாக அழிந்துபோனது. சிலர் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் பெட்டி கட்டிக்கொண்டு வேறு நிலம் தேடினார்கள். மலாயாவில் பிரிட்டிஷார் சிலாங்கூரைக் கைக்குள் கொண்டுவந்து, ரயில்பாதை போட்டு, தோட்டத்துக்கு நிலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தாழ்நிலச் சூட்டைத் தாங்கும் லைபீரியக் கோப்பி இங்கே நன்றாக வந்தது. இலங்கையில் பழகிய முதலாளிகள் தங்கள் பழக்கங்களோடு வந்தார்கள். கங்காணி என்ற சொல், ஆள் பிடித்து வரும் அந்த முறை, லயம் கட்டும் விதம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தவை. அதோடு காக்கையும் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. இலங்கையில் வயலிலும் வாசலிலும் காக்கை புழு பொறுக்குவதைத் தினமும் பார்த்தவர்களுக்குத்தான் இப்படியொரு யோசனை வரும்.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செப்பனோடிஸ் ஹைலாஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு அது. பச்சை நிறம், விரல் பருமன், வால் பக்கம் ஒரு கொம்பு. வளர்ந்த பூச்சிக்குச் சிறகில் செதில் கிடையாது, கண்ணாடிபோல அப்படியே தெரியும். பகலிலேயே வண்டுபோல ரீங்காரமிட்டு அந்தரத்தில் நின்று பூவில் தேன் குடிக்கும். உங்கள் வீட்டில் நந்தியாவட்டையைப்போல வெள்ளையாகப் பூக்கிற கார்டினியாச் செடி இருந்தால், அதன் இலைகள் ஒரே வாரத்தில் நரம்பு மட்டும் மிச்சமாகிப் போயிருந்தால், இந்தப் புழுவை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். கோப்பியும் கார்டினியாவும் ஒரே தாவரக் குடும்பம். ஏக்கர் ஏக்கராகக் கோப்பியை மட்டுமே நட்டது புழுவுக்குக் கல்யாணப் பந்தி போட்டதுபோல ஆனது. செடிகள் மொட்டையாகின. புழு பொறுக்கவும் ஆள்கூலி ஆகிறது. காக்கைக்குக் கூலி கிடையாது.

நான் கருவிக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். தொழிற்சாலையில் வால்வு, சென்சார், அலாரம் என்று நாள் போகிறது. எங்கள் வேலையில் ஒன்றைப் பொருத்துவதற்கு முன்பு முதலில் கேட்கும் கேள்வி, இதை எப்படி நிறுத்துவது என்பது. கிள்ளான் கோப்பி முதலாளிகள் பொருத்திய கருவிக்கு நிறுத்தும் விசை கிடையாது. அதைவிட மோசமாக, அது எந்த வேலைக்குப் பொருத்தப்பட்டதோ அந்த வேலையே சீக்கிரம் இல்லாமல் போய்விட்டது. பிரேசிலில் கோப்பி அளவுக்கு மீறி விளைந்து 1890களின் இரண்டாம் பாதியில் உலகச் சந்தையில் விலை விழுந்தது. அதே ஆண்டுகளில் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைப் பயிராக நட்டுக் காட்டினார். ரிட்லியின் நச்சரிப்புக்கு அப்போதுதான் பலன் கிடைத்தது. 1910 வாக்கில் சிலாங்கூரில் கோப்பித் தோட்டம் என்பது பழங்கதை. பால்மரம் எங்கும் நின்றது. கோப்பிப் புழு ரப்பர் இலையைத் தின்னாது. காக்கைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

ஆனால் காக்கை போகவில்லை. எங்கே போகும்?

*

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய அன்று நான் வீட்டுக்கு வேலையைக் கொண்டுவந்தேன். எங்கள் வீடு கிள்ளானில் பழைய தாமான் ஒன்றின் கடைசி வரிசை. பின்பக்கம் மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் கூடுதலான நிலம். அதில் பாட்டியின் முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான், இரண்டு தொட்டியில் துளசி. வீட்டுக்குள் தம்பியின் இணைய வகுப்புச் சத்தம் தாங்காமல் நான் பின்வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.

பாட்டி ஒவ்வொரு நாளும் சமைத்து முடித்ததும், யாரும் சாப்பிடுவதற்கு முன்பு, ஒரு கைச்சோறை மதிலில் வைப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடப்பது. கடிகாரம்போல அது நடந்துவிடும் என்பதால் நான் அதைப் பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தேன். பாட்டி சோற்றைக் கொண்டுவருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஒரு காக்கை மதிலில் வந்து உட்கார்ந்திருக்கும். இடது காலில் முன்விரல் ஒன்று பாதியோடு நின்றிருந்தது. கயிறோ மீன்பிடி நரம்போ சுற்றி அறுந்திருக்க வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் அது கொடிக்கம்பியிலிருந்து மதிலுக்கு இறங்கும். விசிலை எண்ணுகிறது என்று பாட்டி சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. ஆனால் ஒருநாள் பருப்புக்கு ஐந்து விசில் வைத்தபோதும் அது மூன்றுக்கே இறங்கிவிட்டுச் சோறு வராமல் கத்தியது.

முதல் வாரம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் முறைத்தது. நான் தேநீரோடு சாப்பிட்ட கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் ஒரு துண்டை மதிலில் வைத்தேன். எடுத்துக்கொண்டு பறக்கவில்லை. துளசித் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டில் தேங்கிய தண்ணீரில் அதை முக்கி, ஊறவிட்டு, திரும்பப் பார்த்து, பிறகு தின்றது. பாட்டி கதவில் நின்று பார்த்துவிட்டு, “நம்ம ஊட்டுக்காரரு மாதிரியே பசியாறுது பாரு பாப்பா” என்றார். தாத்தா பிஸ்கட்டைக் கோப்பியில் முக்கித்தான் சாப்பிடுவாராம். அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மே மாதத்துக்குள் காக்கை மேசை விளிம்புவரை வந்தது. கணினியின் மின்கம்பியை இழுத்துப் பார்த்தது. ஒரு மின்கூட்டத்தின் நடுவில் கத்தி, என் மேலாளர் அது என்ன சத்தம் என்று கேட்டார். தொடவிடாது. கை நீட்டினால் ஒரு தப்படி பின்னால் தாவும், பறக்காது. எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த மாதங்களில் என் வீட்டு ஆட்களைத் தவிர முகத்துக்கு நேராக நான் தினமும் பார்த்த ஒரே உயிர் அது.

ஜூனில் தொழிற்சாலைக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. முதல் நாள் தலைக்கவசமும் முகக்கவரியுமாகப் பின்வாசல் வழியாக வந்தேன். மதிலிலிருந்து எச்சரிக்கைக் குரல் வந்தது, ஆளைக் கண்டு கூட்டத்தைக் கூப்பிடும் அந்தக் கரகரப்பு. முகக்கவரியைக் கழற்றினேன். நிறுத்திக்கொண்டது. காக்கைகள் மனித முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006இல் ஆதிமனித முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டார். அதன்பிறகு யார் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் கூடித் திட்டின. பிடிபடாத காக்கைகளும் திட்டின, ஆண்டுக்கணக்கில். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் பயன்படுத்திய மற்றொரு முகமூடி அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் சேனியுடையது. அதைக் காக்கைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது வேறு இனக் காக்கை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மதிலில் இருந்ததற்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

அது எந்த இனம் என்று தேடியபோதுதான் 1903 பதிவின் பெயர் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் கண்ணில் பட்டது. ‘கிள்ளான்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாட்டியிடம் சொன்னேன். “பாட்டி, இந்தக் காக்கா இங்க உள்ளது இல்லையாம். சிலோன்லேருந்து வெள்ளைக்காரன் கொண்டாந்தானாம்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பாட்டி பிறந்தது பகாங்கில் காட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம். அங்கே இந்தக் காக்கை இல்லை என்றார். “அண்டங்காக்காதான் எப்பயாச்சும் வரும். அது மனுசாள்கிட்ட வராது.” அவருடைய அப்பா இறந்து, திதிக்குப் படையல் வைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் வாழையிலையோடு வெயிலில் காத்துக்கிடந்ததை விவரித்தார். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. அவருடைய அம்மா “கா... கா...” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனார். கடைசியில் ஒரு கோழி வந்து கொத்தியது. போதும் என்று முடித்துக்கொண்டார்கள். 1960களில் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தார் பாட்டி. “வந்த மறுநா காலையில பின்னாடி கதவத் தொறந்தா, மதிலு முழுக்கக் காக்கா. எனக்கு அழுகையே வந்திருச்சு. ஊருல சொல்லுவாங்களே, அந்தக் காக்கா.” அவர் ஊரைப் பார்த்ததே இல்லை. சேலம் பக்கம் என்று மட்டும் தெரியும். தன் அம்மா சொன்ன ஊரில் இருந்த காக்கையைக் கிள்ளான் மதிலில்தான் முதலில் பார்த்தார்.

பாட்டியின் நினைவு வரலாற்றோடு ஒத்துப்போகிறது. கொண்டுவந்து பல பத்தாண்டுகளுக்கு இந்தக் காக்கை கிள்ளான் வட்டாரத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை. காட்டில் அதற்கு வாழத் தெரியாது. மனிதர் நெருக்கமாக வாழ்ந்து, தின்று, கொட்டும் இடம்தான் அதற்குக் காடு. கிள்ளானில் அது கிடைத்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது, இன்றைய போர்ட் கிள்ளான். மீன், அரிசி, கப்பல் கழிவு, பாசார், லோங்காங். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவர்களில் பலர் மதிலில் ஒரு கைச்சோறு வைக்கும் வழக்கத்தோடு இறங்கினார்கள். கோப்பிப் புழு கைவிட்ட பறவையைத் துறைமுகக் குப்பையும் அந்தச் சோறும் பிடித்துக்கொண்டன. இதில் குப்பையின் பங்குதான் பெரியது, சந்தேகமில்லை. பாட்டியின் கைச்சோறு ஒரு காக்கைக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. ஆனால் காக்கை வந்தால் விரட்டாமல், வராவிட்டால் கலங்குகிற ஒரு கூட்டம் அந்த ஊரில் இருந்தது என்பதை எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கணக்கில் காக்கை புழு தின்னும் கருவி. அதை அப்பனாகவும் பாட்டனாகவும் பார்க்கும் ஆட்கள் அதே தோட்டத்தின் லயத்தில் படுத்திருந்தார்கள்.

சங்கப் பாட்டில் காக்கை கரைந்தால் விருந்தினர் வருவார் என்று பொருள். அதைப் பாடியதாலேயே நச்செள்ளையார் என்ற புலவருக்குக் ‘காக்கைபாடினியார்’ என்று பெயர் வந்தது. குறுந்தொகையில் 210ஆம் பாட்டு. இங்கே காக்கையே வெளியூரிலிருந்து வந்தது. வந்த இடத்தில் உட்கார்ந்து அது யாருடைய வருகையைக் கரைந்து சொன்னதோ.

*

இதுவரை எழுதியதை ஒரு நண்பரிடம் காட்டினேன். “முடிவுல காக்காவும் நாமளும் ஒண்ணுன்னு எழுதப்போற, அதானே?” என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. அதே முதலாளிகள், அதே பத்தாண்டு, அதே கடல். இரண்டும் ஒரு பயிருக்காகக் கொண்டுவரப்பட்டவை, பயிர் மாறிய பிறகும் இருந்துவிட்டவை. நம்மைப் பார்த்து ‘வந்தேறி’ என்று சொல்கிற குரல் ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிற நாட்டில் இந்த உவமை தானாகவே எழுதிக்கொள்ளும்.

அதனால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை. மனிதர்கள் 1941இல் இதே கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள். பள்ளி கட்டினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். அவர்களைக் காக்கையாக்கினால் அந்தக் கேட்டல் மறைந்துபோகும். காக்கையின் பக்கமிருந்து பார்த்தாலும் உவமை சரிப்படாது. வீட்டுக்காக்கை பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், கூட்டமாகச் சேர்ந்து சின்னப் பறவைகளை விரட்டும். உலகில் அது போய் இறங்கிய துறைமுகம் ஒவ்வொன்றிலும் உள்ளூர்ப் பறவைகளுக்கு அதனால் பாதிப்பு. இது உண்மையான சேதம். நமக்குப் பிடித்த உவமைக்காக அதைச் சிறியதாக்கிச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் விட முடியவில்லை. காக்கையை வரவழைத்ததற்குப் பலர் பெயர் போட்ட பதிவு கொழும்பில் அச்சாகியிருக்கிறது, ஆண்டோடு. பாட்டியின் அப்பா எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

*

1890களில் காக்கையைக் கப்பலேற்றும் யோசனை கேரிக்கு மட்டும் வரவில்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபார் தீவில் பிரிட்டிஷார் இந்தியக் காக்கைகளை இறக்கினார்கள். அங்கே நோக்கம் குப்பை பொறுக்குவது. இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்க அது பெரும் தொல்லை. அழைப்பே இல்லாமல் தானாகவும் அது கப்பலேறும். 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் இரண்டு வீட்டுக்காக்கைகள் காணப்பட்டன. சரக்குக் கப்பலில் வந்திருக்க வேண்டும். பனியைத் தாங்கி, கூடு கட்டி, சில பத்தாகப் பெருகின. கடைசியில் அரசாங்கம் சுட முடிவெடுத்தது. வழக்கு நீதிமன்றம்வரை போனது. காக்கைகள் தோற்றன.

சிங்கப்பூருக்கு அது 1940களின் இறுதியில் போய்ச் சேர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியப் பல்கலைக்கழகத்தின் நவ்ஜோத் சோதியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டபோது எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வை நான் பொறியாளராகவே ரசித்துப் படித்தேன். ஆண்டுக்கு எத்தனை காக்கையை எடுத்தால் எண்ணிக்கை எந்த வேகத்தில் இறங்கும் என்ற மாதிரிக் கணக்கு. பல்லாயிரக்கணக்கில், ஒவ்வோர் ஆண்டும், நிறுத்தாமல் சுட வேண்டும். சுடுவதோடு சாப்பாட்டுக் கழிவையும் கட்டுப்படுத்த வேண்டும். சிங்கப்பூர் இரண்டையும் செய்தது. அங்காடி நிலையங்களின் குப்பைத் தொட்டிகளுக்கு மூடி வந்தது, துப்பாக்கியும் வந்தது. காக்கை வெகுவாகக் குறைந்தது.

கிள்ளானில் துப்பாக்கி பலமுறை வந்திருக்கிறது. மூடி அவ்வளவாக வரவில்லை. இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் காக்கைச் சுடும் நாள் என்பது தெரிந்த விஷயம். முன்கூட்டி அறிவிப்பு வரும், ஆரஞ்சு மேலங்கி போட்டவர்கள் வருவார்கள், மாலையில் எண்ணிக்கை செய்தியில் வரும். அடுத்த வாரம் பாசார் பின்பக்கம் போனால் அதே கோழிக்குடல், திறந்த தொட்டி, காக்கை. ஒரு தொட்டியில் நீர்மட்டம் ஏறுகிறது என்றால் உள்ளே வரும் குழாயை அடைக்காமல் வாளியால் இறைத்துக்கொண்டிருப்பதற்கு எங்கள் வேலையில் யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

2022இல் எங்கள் தாமானுக்கும் ஆட்கள் வந்தார்கள். காலை ஏழு மணிக்கு வெடிச்சத்தம். பாட்டி அடுப்பை நிறுத்திவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. “குப்பையைக் கிளறுது, பக்கத்து ஊட்டுப் புள்ளையத் தலையில கொத்துச்சு, சுடாம என்ன செய்வாங்க” என்று அவரே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வெள்ளிக்கிழமையில சுட வேணாம்” என்றார். அன்று மதிலில் சோறு இருந்தது, எடுக்க யாரும் வரவில்லை. மாலையில் மைனாக்கள் தின்றன. அரை விரல் காக்கை நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மூன்றாவது விசிலுக்கு வந்தது. ஆனால் மேசைக்கு வரவில்லை. மதிலோடு நின்றுகொண்டது. அதற்குப் பிறகு என்னிடம் அது முன்போல நெருங்கவே இல்லை. சுட்டவர்களின் முகம் அதற்குத் தெரியும், என் முகமும் தெரியும், இரண்டும் வேறு என்றும் தெரிந்திருக்கும். தெரிந்தும் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. அதன் கணக்கில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

*

இந்தக் கதையில் நான் எதிர்பார்க்காத ஒரு பறவை இருக்கிறது. குயில்.

மலாயாவில் குயில் முன்பு பெரும்பாலும் விருந்தாளி. வடக்கே குளிர் வந்தால் இங்கே வரும், பிறகு போய்விடும். குஞ்சு பொரிக்க அதற்கு வேறொரு பறவையின் கூடு வேண்டும், அந்தப் பறவைக்குப் பெயர் காக்கை. வீட்டுக்காக்கை நகரங்களில் பெருகியதும் குயில் திரும்பிப் போவதை நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூரில் 1980களிலிருந்து அது காக்கைக் கூட்டில் முட்டையிட்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இந்தப் பக்கத்து நகரங்களிலும் அதே கதைதான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவலுக்குத் தூக்கம் கெட்டு எரிச்சல்படுகிறவர்கள், அதற்கும் ஒரு புழுவுக்கும் உள்ள தொடர்பை அறிய மாட்டார்கள். இலங்கையில் இலைத் துரு, கிள்ளானில் புழு, புழுவுக்குக் காக்கை, காக்கைக்குக் குயில். கேரி கேட்டால் நம்பியிருக்க மாட்டார்.

சுட்டதற்கு அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டு மாமரத்தில் அரை விரல் காக்கை கூடு கட்டியது. கம்பித் துணிமாட்டிகளும் குச்சியுமாக. ஏப்ரலில் குஞ்சோடு எங்கள் மதிலுக்கு வந்தது. குஞ்சு தாயைவிடக் கொஞ்சம் சிறியது, வால் நீளம், அலகு வெளிறல், கறுப்பு உடம்பில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளி. வாயைப் பிளந்துகொண்டு சிறகை அடித்துக்கொண்டு நின்றது. காக்கை பாட்டி வைத்த சோற்றை எடுத்தது. தொட்டித் தட்டில் தண்ணீர் இருந்ததா என்று பார்த்தது. முக்கி, குஞ்சின் தொண்டைக்குள் வைத்தது.

பாட்டி கதவில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“அது அதோட புள்ள இல்ல பாப்பா, குயிலு” என்றார்.

“தெரியும் பாட்டி.”

“அதுக்குத் தெரியுமா?”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் இன்னொரு கை சோறு எடுத்து வந்தார்.